லால்யா பழம் சாமிக்கு ஆகுமா?

தீபாவளி கழிந்து குளிர் தலைகாட்டும்போது மும்பையை ஒட்டிய வாஷி ஏபிஎம்சி பழச் சந்தையில் சந்த்ரா ஆரஞ்சின் ராஜ்ஜியம் தொடங்கிவிடும். நாக்பூர், அமராவதிப் பக்கத்திலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த லாரிகளை விடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். மாதாடித் தொழிலாளர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கும் பழங்களைக் கடையின் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரிப்பார். சுவைத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. கண்தான் எல்லாம். தோல் பளபளவென்று இருந்தால் ஒரு குவியல். செம்பழுப்பாகத் துரு படர்ந்து மங்கிக் கிடந்தால் வேறு குவியல். இந்த இரண்டாவது ரகத்தை விதர்பா விவசாயிகள் லால்யா என்கிறார்கள். ஆந்திரத்துச் சாத்துக்குடித் தோட்டங்களில் மங்கு என்கிறார்கள்.

உரித்தால் உள்ளே சுளை இரண்டிலும் ஒன்றுதான். விலை மட்டும் ஒன்றல்ல.

துருவுக்குக் காரணம் ஒரு சிலந்திப்பேன். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட நீளமில்லாத, மஞ்சள் நிற, ஆப்பு வடிவ உயிர். பூச்சி இனமல்ல, சிலந்தியின் உறவு. ஆனால் சிலந்திக்குரிய எட்டுக் கால் இதற்கு இல்லை, நான்குதான். காய் பச்சையாக இருக்கும்போதே தோலின் மேலடுக்குச் செல்களைக் குத்தி உறிஞ்சிவிடும். செத்த செல்கள் பழுப்பேறி, காய் பெருக்கப் பெருக்க அந்த வடுவும் பரவுகிறது. தாக்குதல் கடுமையானால் பழம் சிறுத்துப் போகும், உதிரவும் செய்யும். மிதமாக இருந்தால் தோலோடு சரி.

இந்தத் தோல்வடுவுக்காகத்தான் விவசாயி தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறார். நனையும் கந்தகமோ, அதைவிடக் கடுமையான வேறொன்றோ, மருந்து எதுவானாலும் ஒரு தெளிப்பில் சாகும் உயிர்களை எண்ணி முடியாது. இங்கேதான் கேள்வி பிறக்கிறது. கொல்லாமையை அறங்களின் உச்சியில் வைத்த மரபுகள் தமிழிலும் உண்டு, வாஷிச் சந்தையின் கல்லாப்பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சமண வணிகர்களின் வீடுகளிலும் உண்டு. கண்ணுக்கே தெரியாத ஒரு பேனைப் பழத்தின் அழகுக்காகக் கொல்வது அந்த மரபுகளின் கணக்கில் எங்கே வரும்?

உயிர்களை அடுக்கிப் பார்ப்பதில் இரண்டு மரபுகளும் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன. தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைக்கிறது. அங்கிருந்து புலன் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு மனிதனின் ஆறாம் அறிவு வரை போகிறது. சமண ஆசான் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரமும் தாவரத்துக்கு ஒரு புலன் என்று தொடங்கிப் புழு, எறும்பு, வண்டு என்று புலன்களை ஏற்றிச் செல்கிறது. எறும்புக்கு மூன்று என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. துருச் சிலந்திக்குக் கண் கிடையாது, காது கிடையாது. ஆக, எறும்புக்குப் பக்கத்தில் எங்கோ ஓர் இடம் கொடுக்கலாம். மரத்தைவிட ஒன்றிரண்டு படி மேலே! பயிரின் வாட்டத்தைத் தன் வாட்டமாக உணர்ந்த வள்ளலாரின் வழி நின்று ஓரறிவு மரத்துக்கு இரங்கினால், அதைவிட அறிவு கூடிய பேனை அழிக்க வேண்டியிருக்கிறது. அடுக்கை நம்பித் தீர்ப்புச் சொல்லப் போனால் இந்தச் சிக்கலிலிருந்து மீள முடியாது.

துருச் சிலந்தி பெரும்பாலும் அழகைக் கெடுப்பதோடு விட்டுவிடுகிறது. அதன் தூரத்து உறவுகள் சில அப்படி விடுவதில்லை. அவை வைரஸைச் சுமந்து திரிகின்றன.

நாரத்தைக் குடும்பத்துக்கு இவற்றில் பெயர்பெற்ற எதிரி, தட்டையான உடலுடைய பிரெவிபால்பஸ் என்னும் சிலந்திப்பேன். பிரேசில் முதலான தென் அமெரிக்க நாடுகளில் ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் லெப்ரோசிஸ் நோயின் வைரஸ் இதன் வாய்வழியாகத்தான் மரத்துக்குள் நுழைகிறது. இலையிலும் காயிலும் கிளைப் பட்டையிலும் மஞ்சள் வளையத்துக்கு நடுவே பழுப்புப் புள்ளிகள் தோன்றும். காய் உதிரும், கிளை காயும், கவனிக்காவிட்டால் மரமே போய்விடும். உலகின் மிகப் பெரிய ஆரஞ்சு வட்டாரமான சாவோ பாவ்லோ, இந்தப் பேனை அடக்கும் மருந்துக்கே ஆண்டுதோறும் பல கோடி டாலரைச் செலவழித்து வந்திருக்கிறது. இந்த வைரஸ்கள் அடங்கிய குடும்பத்துக்கு, வாழ்நாள் முழுவதும் இவற்றை ஆராய்ந்த பிரேசில் அறிஞர் எலியட் கிதாஜிமாவின் பெயரை ஒட்டிக் கிதாவிரிடே என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த நோயின் போக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலான தாவர வைரஸ்கள் ஓரிடத்தில் நுழைந்தால் சாற்றோடு ஓடி மரம் முழுவதும் பரவிவிடும். லெப்ரோசிஸ் வைரஸுக்கு அந்த வல்லமை இல்லை. பேன் குத்திய இடத்தைச் சுற்றியே அது முடங்கிக் கிடக்கிறது. அடுத்த இலைக்குப் போக வேண்டுமென்றால்கூடப் பேன் வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒருமுறை ஏற்றிக்கொண்ட பேன் சாகும் வரை அதைச் சுமக்கும். ஆனால் அது இடும் முட்டைக்கு வைரஸ் போவதில்லை. நோயுள்ள இலையில் வாய் வைக்கும் வரை ஒவ்வொரு குஞ்சும் தூய்மையானதுதான். தாயின் வினை பிள்ளைக்கு வராத ஓர் ஏற்பாடு. கர்மவினை பற்றி விவாதிக்கும் பண்டிதர்கள் இதை அறிந்திருந்தால் உவமைக்கு எடுத்தாண்டிருப்பார்கள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பிரெவிபால்பஸ் பேரினத்தின் சில வகைகளில் ஆணே இல்லை, எல்லாம் பெண். இவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா, ஆணாகப் பிறக்க வேண்டிய முட்டையையும் பெண்ணாக்கிவிடுகிறது என்பதை 2001-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. வைரஸைச் சுமக்கும் பேன், தானே இன்னொரு நுண்ணுயிரின் பிடியில் இருக்கிறது. மரம் காய்ந்ததற்குப் பழி யார் மேல்? வைரஸ் மேலா? செல்லுக்கு வெளியே அது அசைவற்ற ஒரு துகள். அதை உயிர் என்பதா வேண்டாமா என்பதிலேயே அறிவியலாளர்களுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. பேன் மேலா? அது பசிக்குக் குத்தியது. காற்றின் மேலா? பேனை மரத்துக்கு மரம் தூக்கிச் சென்றது பல நேரம் அதுதான். குற்றவாளிக் கூண்டில் ஏற்ற ஆளே கிடைக்க மாட்டேன் என்கிறது.

லெப்ரோசிஸ் எங்கோ கடல் தாண்டிய கதை என்று தோன்றினால், நம் சாம்பார்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. துவரையின் மலட்டுத் தேமல். செடி வாடுவதில்லை, சாவதில்லை. இலை சிறுத்து, வெளிர்பச்சைத் தேமல் படர்ந்து, புதர்போலச் செழித்து நிற்கும். பூ மட்டும் பூக்காது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வயல் பச்சைப்பசேல் என்று இருக்கும். வீட்டுக்கு ஒரு படி துவரை வராது. இந்த நோய் 1931-இல் பிகாரின் பூசாவில் முதன்முதலாகப் பதிவானது. பரப்புவது அசேரியா கஜானி என்னும் நுண்ணிய சிலந்திப்பேன் என்பது 1960-களில் தெரிந்தது. உள்ளே இருக்கும் வைரஸை ஐதராபாத்துக்கு அருகே பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிலையத்தின் ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து அடையாளம் கண்டபோது நூற்றாண்டே முடியும் தறுவாய். எழுபது ஆண்டுக் காலம் ஒரு நோயின் பெயர் தெரிந்தும் முகம் தெரியாமல் இருந்திருக்கிறது. வாஷியில் பழச் சந்தைக்கு எட்டும் தூரத்தில்தான் தானியச் சந்தையும் இருக்கிறது. அங்கே மூட்டையில் அடுக்கியிருக்கும் துவரம்பருப்புக்குப் பின்னாலும் ஒரு பேன் யுத்தம் உண்டு.

துவரைக்காகப் பேனைக் கொல்வதும் ஆரஞ்சுத் தோலின் மினுமினுப்புக்காகப் பேனைக் கொல்வதும் ஒன்றா? சாகும் உயிரின் பக்கமிருந்து பார்த்தால் ஒன்றுதான். கொல்கிறவரின் பக்கமிருந்து பார்த்தால் வேறு.

இந்த வேறுபாட்டை மிகக் கூர்மையாக எழுப்பியவர் காந்தி. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி பிழைக்க வழியின்றி வேதனையில் துடித்தது. ஊசி போட்டு அதன் உயிரைப் போக்க அவர் சம்மதித்தார். குஜராத் கொதித்தது, சமண நண்பர்கள் உட்படப் பலர் கண்டித்து எழுதினார்கள். அக்டோபரில் அவர் எழுதிய பதில் கட்டுரையில் இரண்டு பகுதிகள். முதலாவது கன்றைப் பற்றியது. இரண்டாவதைப் பலரும் மறந்துவிட்டார்கள்; அது ஆசிரமத்துக் காய்கறிகளையும் பழமரங்களையும் நாசம் செய்த குரங்குகளைப் பற்றியது. கன்றைக் கொன்றது கன்றின் நன்மைக்காக, எனவே அது அகிம்சை என்றார். குரங்கைக் கொல்ல நேர்ந்தால் அது நம் பயிருக்காக, நம் வயிற்றுக்காக. தவிர்க்க முடியாமல் போனாலும் அது இம்சைதான் என்றார். கடமையாகிவிட்டால்கூட அதற்கு அகிம்சைச் சாயம் பூச அவர் தயாராக இல்லை. அந்த நேர்மைதான் கட்டுரையின் உயிர்நாடி.

காந்தியின் அளவுகோலை வைத்தால் துவரைப் பேனைக் கொல்வது இம்சை, ஆனால் உணவுக்காக. ஆரஞ்சுத் துருவுக்காகக் கொல்வது இம்சை, அதுவும் கண்ணுக்காக. வள்ளுவரும் இங்கே உதவிக்கு வருவார். கொல்லாமைக்கும் உழவுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த அவரே, கொலைக் குற்றவாளியை அரசன் தண்டிப்பதைப் பசும்பயிரில் களை எடுப்பதற்கு ஒப்பிட்டவர். பயிரைக் காக்கும் கொலைக்கு அவர் மனத்தில் இடமிருந்தது தெளிவு. பயிருக்கு ஊறில்லாத, பார்வைக்கு மட்டும் ஊறான ஒன்றை அவர் களையாகக் கருதியிருப்பாரா என்பது ஐயம்தான்.

சமணம் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. இல்லறத்தார் எல்லா இம்சையையும் விட்டுவிட முடியாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்று நான்காகப் பிரித்து, முதலாவதை முற்றிலும் விலக்கச் சொல்கிறது. மற்றவற்றில் கவனத்தைக் கேட்கிறது. கூடவே வினையாளர்களையும் மூன்றாகப் பார்க்கிறது. செய்பவர், செய்விப்பவர், செய்ததற்கு உடன்படுபவர். வினை மூவருக்கும் ஒட்டும்.

இந்த மூன்றாம் ஆளைப் பற்றிய பேச்சுத்தான் வாஷிக்கு மிகவும் பொருந்துகிறது. தெளிப்பவர் விதர்பாவில் இருக்கிறார். துருப் பழத்துக்கு விலையைக் குறைத்து அவரைத் தெளிக்க வைப்பவர்கள் இடையில் இருக்கிறார்கள். செம்பூரிலிருந்தோ மாட்டுங்காவிலிருந்தோ சொந்தக்காரர் கிரகப்பிரவேசத்துக்குப் பழம் வாங்க வந்து, “இது வேணாம் பையா, அந்த நல்லதைக் காட்டு” என்று விரலை நீட்டும் மாமி ஒரு பேனைக்கூடத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர் வீட்டில் எறும்புக்கு அரிசிமாவில் கோலம் போடுபவராகவும் இருக்கலாம். ஆனால் சமணக் கணக்கின்படி அந்த விரல் நீட்டல் ஓர் உடன்பாடு. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும், மண்ணுக்கடியில் ஒரே உடலில் எண்ணற்ற உயிர்கள் கூடி வாழ்கின்றன என்பதற்காகத் தொடாத வியாபாரி, தன் கடையில் பளபளப்புக்கு ஒரு விலை, துருவுக்கு ஒரு விலை என்று எழுதிப் போடுவதும் உடன்பாடுதான். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சந்தை அப்படித்தான் இயங்கும். அவரவர் மரபே தந்திருக்கும் அளவுகோலை அவரவர் தோலுக்கும் கொஞ்சம் வைத்துப் பார்க்கலாம் என்பதற்காகத்தான்.

மருந்தே வேண்டாம், இயற்கை முறையில் அடக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். முடியும். பைட்டோசியிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த சிலந்திப்பேன்கள் மற்ற சிலந்திப்பேன்களைத் தின்று வாழ்பவை. கடுமையான மருந்துகள் முதலில் பலி வாங்குவது பெரும்பாலும் இவற்றைத்தான். காவலாளி செத்ததும் திருடன் முன்னைவிடப் பெருகுவது தோட்டக்காரர்களுக்குப் பழகிப்போன அனுபவம். இவற்றை வளர்த்துத் தோட்டத்தில் விடுவது மண்ணுக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது. ஆனால் அறக்கணக்கில் கை சுத்தமாகிவிட்டதா? கொல்லும் உயிரைக் காசு கொடுத்து வாங்கி விடுவது ‘செய்வித்தல்’ என்ற பத்தியில் போய் உட்காருகிறது. இயற்கை வேளாண்மை என்ற சொல்லுக்கு நம் மனம் கொடுக்கும் பாவமன்னிப்பை உமாசுவாதி கொடுக்கமாட்டார்.

இவ்வளவு சொன்ன பிறகு, அழகுக்காகக் கொல்வது தவறு, உணவுக்காகக் கொல்வது பொறுக்கத்தக்கது என்று கோடு போட்டுவிடலாம் போலிருக்கிறது. புளோரிடா அந்தக் கோட்டை அழிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லெப்ரோசிஸ் தாக்கிய நிலம் அது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு நோய் அங்கே காணாமல் போனது. சிலந்திப்பேன்களுக்கு எதிராகத் தோட்டம் தோட்டமாகக் கந்தகம் தெளித்ததுதான் காரணம் என்பது பொதுவான கருத்து. அந்தக் கந்தகம் துருச் சிலந்திக்கும் மருந்து. பழத்தோல் பளபளப்பாக இருக்கட்டும் என்று அடித்த மருந்து, யாரும் திட்டமிடாமல் மரங்களின் உயிரையும் காத்திருக்கிறது. நோக்கத்தை வைத்து அறத்தை அளப்பவர்களுக்கு விளைவு வைக்கும் சோதனை இது. அந்தப் பழைய புளோரிடா நோயின் வைரஸை, உலர்த்திப் பாதுகாத்து வைத்திருந்த தாவர மாதிரிகளிலிருந்து இந்த நூற்றாண்டில்தான் பிரித்துப் படித்தார்கள். இன்று பிரேசிலை ஆட்டிப் படைப்பதும் அதுவும் ஒன்றல்ல என்பது தெரிந்தது.

கதை அதோடு நிற்கவில்லை. 2020-ஐ ஒட்டி அதே புளோரிடாவில் ஆர்க்கிட் ஃப்ளெக் என்னும் வைரஸ் லிரியோப்பி, மோண்டோ புல், ஆஸ்பிடிஸ்ட்ரா போன்ற அலங்காரச் செடிகளில் கண்டுபிடிக்கப்பட்டது. நடைபாதை ஓரத்தில் வரிசையாக நட்டு வைக்கும் சாதுவான செடிகள். ஆர்க்கிட் செடிகளோடு உலகைச் சுற்றிவரும் வைரஸ் அது. அதன் சில வகைகள் மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் ஆரஞ்சு மரத்தில் லெப்ரோசிஸை உண்டாக்குகின்றன. ஹவாயில் செம்பருத்தி இனச் செடிகளுக்கும் நாரத்தைக் குடும்பத்துக்கும் பொதுவான இன்னொரு வைரஸைக் கண்டிருக்கிறார்கள். அங்கும் சந்தேகம் தட்டைச் சிலந்திப்பேன் மேல்தான். பேனால் சொந்தமாகக் கடல் தாண்ட முடியாது. தொட்டியில் நட்டு, பெட்டியில் வைத்து, கப்பலில் ஏற்றி அதைக் கொண்டுபோனது அழகை விரும்பிய மனிதக் கை. ஆக, அழகின்மேல் உள்ள ஆசை ஓரிடத்தில் மரத்தைக் காப்பாற்றுகிறது, இன்னோரிடத்தில் நோயை வீட்டுக்கு அழைத்து வருகிறது. கவனமின்மையால் உயிருக்கு ஊறு நேர்வதையே இம்சை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். நாற்றுப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் என்று வேளாண் துறைகள் விதிக்கும் சட்டங்களை அந்தக் கண்ணோடு பார்த்தால், சுங்கச் சாவடியில் நிற்கும் அதிகாரியும் ஒரு விரதத்தைக் காக்கிறவர்தான்.

இப்போது தட்டுக்கு வருவோம். லால்யா பழம் சாமிக்கு ஆகுமா?

சைவ பூசை நூல்கள் பூவுக்குச் சொல்லும் விலக்குகளில் புழுக்கடியும் உண்டு, சிலந்தி இழையும் உண்டு. பழத்துக்கும் அதே ஆசாரத்தை நீட்டித்துக்கொண்டார்கள். விதியின் நோக்கம் எளிது. கையில் கிடைத்ததைக் கடவுள் முன் வீசாதே, பார்த்து எடு. ஆனால் துருப் படர்ந்த பழம் அழுகியதல்ல, எச்சில்பட்டதல்ல, உள்ளே புழு இல்லை. மேல்தோலின் நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அதைப் புழுக்கடியோடு சேர்ப்பது நூலின் வேலையா, நம் கண்ணின் வேலையா?

தேங்காயை நினைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். 1998-இல் கேரளத்தில் முதலில் தென்பட்டு, அதிக நாள் ஆகாமல் தமிழகத் தோப்புகளையும் பிடித்துக்கொண்ட ஈரியோபைட் சிலந்தியை எந்தத் தென்னை விவசாயியும் மறந்திருக்க மாட்டார். மட்டையெல்லாம் வெடித்து, வடுப்பட்டு, காய் சூம்பிப்போய்த் தொங்கியது. அந்தக் காய்கள் கோயிலுக்குப் போகாமலா இருந்தன? பிள்ளையாருக்கு உடைந்தன, செம்பூர் சேடா நகர் முருகன் சந்நிதி வரைக்கும் வந்திருக்கும். யாரும் ஆட்சேபிக்கவில்லை. காரணம், கோயிலுக்கு வருமுன் மட்டையை உரித்துவிடுகிறோம். வடு தோப்பிலேயே தங்கிவிடுகிறது. ஆரஞ்சுக்கு அந்த வசதி இல்லை; அது தன் தோலோடுதான் தட்டில் ஏற வேண்டும்.

சாத்துக்குடிச் சாற்றால் அபிஷேகம் நடக்கும்போதும் அப்படித்தான். பிழிந்த பிறகு எந்தத் தோல் எந்தப் பழத்தினுடையது என்று அர்ச்சகர் கேட்பதில்லை. கூடை கூடையாகப் பழம் வாங்கும் கோயில் நிர்வாகங்கள் அபிஷேகத்துக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் மட்டுமாவது துருப் பழத்தைக் கேட்டு வாங்கினால் ஆகமத்துக்கு இடைஞ்சல் வராது, செலவும் குறையும். அதனால் விதர்பாவில் ஒரு தெளிப்பு குறைந்துவிடும் என்று உடனே கணக்குப் போடவும் முடியாது. வாஷிக்கு வருகிற பழம் கோலிக்குண்டு அளவு பிஞ்சாக இருந்தபோதே மருந்து அடித்து முடித்தாயிற்று. அடுத்த பருவத்துக்கு எத்தனை முறை அடிப்பது என்பதை, இந்தப் பருவத்தில் துருப் பழத்துக்கு வாஷித் தரகர் எழுதித் தந்த விலைப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் விவசாயி யோசிப்பார்.